கூரை பறந்த ராத்திரி

வீடு கட்டும்போது நாம் எதையெல்லாம் கேட்கிறோம்! சமையலறை மேடை எத்தனை உயரம், சாமி அலமாரி எந்தத் திசை, தரைக்கு என்ன நிறம் என்று ஆயிரம் கேள்வி. "மேலே போடுகிற கூரையை எது பிடித்து வைத்திருக்கிறது?" என்று மட்டும் நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று புத்தி வந்தது ஒரு புயல் ராத்திரிக்குப் பிறகுதான்.

எங்களுக்குக் கடலூர். மொட்டை மாடியில் ஒரு ரூம் உண்டு. நாலு பக்கமும் செங்கல் சுவர், மேலே இரும்புப் பைப் போட்டுத் தகர ஷீட். 2011-ம் வருஷம் டிசம்பர் மாதம் என் பெண் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து 27 நாள். கீழே வந்து போகிறவர்கள் சத்தம் அதிகம் என்று தாயும் பிள்ளையும் அந்த மாடி ரூமில்தான் படுத்திருந்தார்கள்.

29-ம் தேதி சாயங்காலம் தானே புயல் நெருங்குவதாக ரேடியோவில் சொன்னார்கள். என் மாமியார் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு, "இந்தக் காத்து சரியில்லே. பச்சை உடம்புக்காரியையும் பிள்ளையையும் கீழே கொண்டாந்து படுக்க வை" என்றார்.

"நல்ல பலமான ஷீட்தானே அத்தை, ஒண்ணும் ஆகாது" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் பாயையும் தொட்டில் துணியையும் கீழே கொண்டு வந்தேன். வருகிற போது ஒரு காரியம் செய்தேன். காற்றுக்குக் கொஞ்சம் வழி விட்டால் ரூமுக்குச் சேதம் இருக்காது என்று யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. வடக்கு ஜன்னலை மட்டும் திறந்து கொக்கி மாட்டிவிட்டு, மற்றதைச் சாத்திவிட்டு வந்தேன்.

விடியற்காலம் ஐந்து மணி இருக்கும். மேலே முதலில் படபடவென்று ஒரு சத்தம். காய்ந்த முறத்தை யாரோ தட்டுகிற மாதிரி. அது வர வரப் பலத்துக்கொண்டே போயிற்று. பிறகு ஒரு பெரிய கிழிசல் சத்தம். அவ்வளவுதான். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என் பெண் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

காலை ஏழு மணி வாக்கில் புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பிற்பாடு மாடிக்குப் போய்ப் பார்த்தால் ரூமுக்குக் கூரை இல்லை. தொட்டில் கட்டியிருந்த பைப் அறுந்து, படுக்கை விரித்திருந்த இடத்தில் குறுக்கே கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கைகால் வெலவெலத்துவிட்டது.

ஆணி இருக்கிறது, ஷீட் இல்லை!

பொங்கலுக்கு என் அண்ணன் மகள் வந்தாள். கட்டட அமைப்புப் பொறியியலில் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். மாடிக்குப் போனவள் கீழே இறங்கவே இல்லை. பக்கத்துத் தோப்பில் கிடந்த ஷீட்டையும் ஆள் விட்டுத் தூக்கி வரச் சொல்லிப் பார்த்தாள்.

"அத்தை, இங்கே பாருங்க. திருகாணி எல்லாம் பைப்பிலே அப்படியே நிக்குது. ஷீட்டுதான் ஆணியை விட்டுட்டுப் போயிருக்கு" என்றாள்.

ஆமாம்! ஷீட்டில் இருந்த ஒவ்வொரு துளையைச் சுற்றியும் நட்சத்திரம் மாதிரி கீறல் விட்டு, கிழிந்து, பெரிதாகியிருந்தது.

"காற்று அடிச்சா கூரையை அழுத்தத்தானே செய்யும்? தூக்குமா?" என்று கேட்டேன்.

அவள் சொன்ன விளக்கம் இது. நடையில் வேகமாக ஓடி வரும் குழந்தை மூலையில் சட்டென்று திரும்ப முடியாமல் அகலமாக வளைந்து போகுமில்லையா? சுவரில் மோதி மேலே ஏறும் காற்றும் அப்படித்தான். கூரையின் ஓரத்தில் அதனால் மடங்கித் தழுவ முடியாது. எகிறிக் குதித்துப் போகிறது. அது எகிறிய இடத்தில் கூரைக்கு மேலே அழுத்தம் குறைந்துபோகிறது. உடனே கூரை மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது. சரிவு குறைந்த கூரைக்கு இந்த உறிஞ்சல் அதிகம். அதிலும் நடுப்பகுதியைவிட ஓரங்களிலும் மூலைகளிலும் பல மடங்கு.

"அது எவ்வளவு இருக்கும்?" என்றேன்.

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 90 கிலோ எடைக்குச் சமமாம். அதே ஒரு சதுர மீட்டர் தகர ஷீட்டின் எடையோ சுமார் ஐந்து கிலோ! காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் இரண்டு மடங்காவதில்லை, நாலு மடங்காகிறது. ஆக, கூரை தன் கனத்தால் உட்கார்ந்திருக்கிறது என்று நாம் நினைப்பதே தப்பு. அதைப் பிடித்து வைத்திருப்பது அந்தச் சின்னச் சின்னத் திருகாணிகள்தான்.

நான் திறந்து வைத்த ஜன்னல்

பயந்துகொண்டே ஜன்னல் விஷயத்தைச் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"காகிதப் பையிலே வாயை வச்சு ஊதினா என்ன ஆகும் அத்தை? பை உப்பும். வடக்கேயிருந்து அடிச்ச காத்துக்கு நீங்க வடக்கு ஜன்னலைத் திறந்து விட்டீங்க. வெளியே போக வழியில்லே. உள்ளேயிருந்து அது தள்ளுது, மேலேயிருந்து வெளிக்காத்து உறிஞ்சுது. ரெண்டும் சேர்ந்தா அந்த ஷீட் என்ன பண்ணும், பாவம்!"

ஜன்னலைத் திறந்து வைத்தால் நல்லது என்று பல நாடுகளிலும் ஒரு காலத்தில் நம்பியிருக்கிறார்கள். 1970-ல் அமெரிக்காவில் லப்பக் என்ற ஊரைச் சூறாவளி தாக்கியது. அதன் பிறகு அங்குள்ள டெக்சாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் இடிந்த வீடுகளை ஆராய்ந்து, அந்த யோசனை தப்பு என்று எடுத்துக் காட்டினார்கள். எனக்கு அது தெரிந்தது கூரை போன பிறகு.

ஒரு ஊரே பறந்தது

"நம்ம மாடி ஒண்ணும் இல்லே. இதே மாதிரி ஒரு ஊரே பறந்திருக்கு" என்று ஆரம்பித்தாள் அவள். ஆஸ்திரேலியாவின் வடகோடியில் டார்வின் என்று ஒரு நகரம். பெரும்பாலும் தூண்கள் மேல் நிற்கும் லேசான வீடுகள், தகரக் கூரை. 1974-ம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ராத்திரி டிரேசி என்ற புயல் வந்தது. விமான நிலையத்துக் கருவி மணிக்கு 217 கிலோமீட்டர் என்று காட்டிவிட்டு நின்றுபோயிற்று. விடிந்தபோது ஊரில் பத்து வீட்டுக்கு எட்டு வீடு பாழ். அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். குடியிருக்க இடமில்லாமல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியூர்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. முதலில் அனுப்பப்பட்டவர்களில் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரிகளும் உண்டு. பண்டிகை ராத்திரியில் குழந்தையை அணைத்துக்கொண்டு இருட்டில் கிடந்த அந்தத் தாய்மார்களை நினைத்தால் எனக்கு என் பெண் முகம்தான் வருகிறது.

அந்தக் கூரைகளைச் சோதித்துப் பார்க்காமல் போடவில்லை. ஷீட் மேல் பாரத்தை ஏற்றி, தாங்குகிறது என்று பார்த்துத்தான் போட்டார்கள். பிறகு ஏன் பறந்தது? ஜார்ஜ் வாக்கர் என்ற பொறியாளர் போய் ஆராய்ந்தார். புயல் காற்று ஒரே சீராக அடிப்பதில்லை. இழுக்கும், விடும், மறுபடி இழுக்கும். ஒவ்வொரு தடவையும் ஷீட் மேலே வளைந்து கீழே இறங்குகிறது. கொண்டை ஊசியை ஒரு தடவை வளைத்தால் ஒடியாது. முன்னும் பின்னும் பத்துத் தடவை வளைத்துப் பாருங்கள், பட்டென்று ஒடிந்துவிடும். அதே மாதிரி, ஆணியைச் சுற்றி இருக்கும் தகரம் களைத்துப்போய்க் கீறல் விட்டிருக்கிறது. ஒரு ஆணி விட்டதும் அதன் பாரம் பக்கத்து ஆணிக்குப் போகும். அதுவும் விடும். புடவைக் கொடியில் ஒரு கிளிப் கழன்றால் மற்றதெல்லாம் வரிசையாகக் கழலுமே, அப்படி!

எனக்கு அந்த ராத்திரி கேட்ட முறச் சத்தம் என்ன என்று அப்போதுதான் விளங்கிற்று.

டார்வினைத் திரும்பக் கட்டியபோது, கூரை ஷீட்டுகளைப் பத்தாயிரம் தடவை இழுத்து விட்டுச் சோதிக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். பறந்து வரும் பொருள் பட்டு ஒரு ஜன்னல் உடையத்தான் செய்யும், அப்படி உடைந்தாலும் கூரை நிற்க வேண்டும் என்றும் வைத்தார்கள். 1977-ல் டவுன்ஸ்வில் என்ற ஊரில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு புயல் சோதனை நிலையம் தொடங்கினார்கள். 2011 பிப்ரவரியில் அந்தப் பக்கம் யாசி என்ற பெரும் புயல் வந்தபோது, புது விதிப்படி கட்டிய வீடுகள் பழைய வீடுகளைவிட நன்றாகவே தாக்குப்பிடித்தன.

நம் ஊரும் இதில் பின்தங்கி இல்லை. சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் கட்டட அமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் பெரிய காற்றுச் சுரங்கம் இருக்கிறது. கட்டடங்களின் சிறு மாதிரிகளை அதில் வைத்து எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் என்று அளக்கிறார்கள். எந்த ஊரில் எந்த வேகக் காற்றுக்குக் கட்ட வேண்டும் என்று இந்தியத் தர விதியும் உண்டு. அதன்படி மதுரைக்கும் கோவைக்கும் அடிப்படை வேகம் நொடிக்கு 39 மீட்டர். சென்னைக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர்.

நாம் செய்யக் கூடியது

ஷீட் போட்ட வீடோ, மாடி ரூமோ, முன்பக்கச் சார்ப்போ இருக்கிற சகோதரிகள் ஐப்பசி மழைக்கு முன்னால் ஆளை வைத்து இவற்றைப் பார்த்துவிடுங்கள்:

* ஓரங்களிலும் மூலைகளிலும் கூரை உச்சியிலும் திருகாணிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். எங்களுக்குப் போட்டவர் சிக்கனமாக எல்லா இடத்திலும் தள்ளித் தள்ளி அடித்திருந்தார்.
* துருப்பிடித்த ஆணி, ஜே போல்ட், உளுத்த வாஷரை மாற்றுங்கள். துளையைச் சுற்றிக் கீறல் தெரிந்தால் அந்த ஷீட்டையே மாற்ற வேண்டும்.
* ஷீட் பைப்பைப் பிடித்தால் போதாது. பைப் சுவரைப் பிடிக்க வேண்டும். வெறுமனே செங்கல் மேல் வைத்துச் சிமென்ட் பூசியிருந்தால் பைப்போடு சேர்ந்து கிளம்பிவிடும். கான்கிரீட்டில் பதித்த கம்பியோடு இணைக்கச் சொல்லுங்கள்.
* சார்ப்பு ரொம்ப நீட்டிக்கொண்டிருந்தால் காற்று அடியில் புகுந்து தூக்கும்.
* கூரை மேல் செங்கல், கல், பழைய டயர் வைப்பது காவல் இல்லை. புயலில் அவை பக்கத்து வீட்டுக்குப் பறக்கும்.
* புயல் நேரத்தில் எல்லாக் கதவு ஜன்னலையும் சாத்தி, மேலும் கீழும் தாழ்ப்பாள் போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, எச்சரிக்கை வந்தால் ஷீட் கூரைக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. கான்கிரீட் வீட்டுக்கோ நிவாரண முகாமுக்கோ போய்விடுங்கள். கூரையைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

நாங்களும் திரும்பப் போட்டோம், அண்ணன் மகள் சொன்னபடி. செலவு கொஞ்சம் கூடத்தான் ஆயிற்று. 2020 நவம்பரில் நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ராத்திரியும் மேலே முறச் சத்தம் கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தேன். கேட்கவில்லை. காலையில் போய்ப் பார்த்தேன். ஒரு ஆணி அசையவில்லை.

அன்று 27 நாள் குழந்தையாக இருந்த என் பேத்திக்கு அப்போது எட்டு வயசு முடிந்து ஒன்பது நடந்துகொண்டிருந்தது. மறுநாள் போனில், "பாட்டி, ஜன்னல் எல்லாம் சாத்தினீங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

சாத்தினேன் கண்ணு, எல்லாவற்றையும் சாத்தினேன்!