ரிவர்ஸ்டன் ஏற்றம்: இரத்தோட்டை வழியாகச் சைக்கிளில்

2022இல் பெற்றோல் வரிசையில் கால் கடுக்க நின்றவர்களுக்குச் சைக்கிள் எப்படித் திடீரென்று தங்கமானது என்று சொல்லத் தேவையில்லை. வீட்டுக் கோடியில் கோழி அடையும் இடமாகக் கிடந்த பழைய லுமாலா சைக்கிளை நானும் அப்போதுதான் வெளியே இழுத்தேன். கியூஆர் பங்கீட்டு முறை வந்து வரிசை குறைந்ததும் பலர் சைக்கிளைத் திரும்பவும் கோடியில் சாய்த்துவிட்டார்கள். எனக்கு அது ஒட்டிக்கொண்டது. முதலில் கடைத்தெரு, பிறகு மாத்தளை, கடைசியில் கியர் வைத்த ஒரு பழைய சைக்கிளை வாங்கி ரிவர்ஸ்டன் கணவாய். முதல் தடவை அங்கே போனபோது ஏற்றம் என்னைக் களைக்கத்தான் வைத்தது. பயமுறுத்தியது இறக்கம். அதற்குப் பிறகு போய்வந்து போய்வந்து சேர்ந்த முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

வழி எளிது. மாத்தளையில் ஏ9 சாலையை விட்டுப் பிரிந்து இரத்தோட்டை. அங்கிருந்து இலுக்கும்புர சாலையில் ஏறினால் ரிவர்ஸ்டன். மாத்தளையிலிருந்து மொத்தம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். இதில் இரத்தோட்டை வரையிலான முதல் 12 கிலோமீற்றரை ஏற்றக் கணக்கில் சேர்க்கவே கூடாது. மலை பிறகுதான் தொடங்குகிறது.

முதல் வேலை நாள் பார்ப்பது. ரிவர்ஸ்டன் இருக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு இரண்டு பருவக்காற்றும் பங்கு கொடுக்கின்றன. மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவமழை பாதையை ஈரமாகவே வைத்திருக்கும். தென்மேல் பருவக்காலத்தில் கணவாயில் வீசும் காற்று ஆளையே தள்ளும். அப்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதே பாடு. பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முடியும்வரை எனக்குப் பிடித்த காலம். சித்திரையில் காலை நன்றாக இருக்கும், பிற்பகல் இரண்டு மணிக்கு இடி இறங்கும். எந்த மாதமானாலும் முதல் நாள் இரத்தோட்டையில் ஒரு ஓட்டோக்காரரிடமோ பஸ் நடத்துநரிடமோ பாதை எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மாத்தளை மாவட்ட மலைகளைச் சரித்துப்போட்ட பிறகு, இந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் கிளம்புவதில்லை.

அடுத்தது சைக்கிள். கியர் இல்லாத வண்டியில் போக முடியாது என்று சொல்லமாட்டேன். பாதித் தூரம் தள்ள வேண்டிவரும், அவ்வளவுதான். கணக்கைப் பாருங்கள். செயின்வீலில் 44 பல், பிரீவீலில் 18 பல் உள்ள சாதாரணச் சைக்கிளில் மிதிக்கட்டை ஒரு சுற்று சுற்றினால் வண்டி 5 மீற்றருக்கு மேல் நகரவேண்டும். ஏற்றத்தில் அந்த 5 மீற்றரையும் தொடைதான் தூக்கவேண்டும். முன்னால் 34, பின்னால் 32 இருந்தால் ஒரு சுற்றுக்கு 2.2 மீற்றர்தான் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 8 கிலோமீற்றர். நடப்பவரைவிடக் கொஞ்சம் வேகம், ஆனால் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகலாம். பேச முடியவில்லை என்றால் கியரை இன்னும் இளக்க வேண்டும் என்று அர்த்தம்.

தள்ளுவதில் வெட்கமும் வேண்டாம். பிரெஞ்சுக்காரர்களின் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டி 1910இல் முதல்முறையாகப் பிரனீஸ் மலையின் தூர்மலே கணவாயை ஏறியபோது, அந்தக் காலத்துப் பார வண்டிகளோடு வீரர்களில் பலர் இறங்கி நடந்தார்கள். செயினைப் பல் மாற்றிப் போடும் கியரை அந்தப் போட்டியில் 1937 வரை அனுமதிக்கவே இல்லை. அதே நாட்டில் சாந்த் எத்தியேனைச் சேர்ந்த போல் த விவி என்ற மனிதர், வெலோசியோ என்ற புனைபெயரில், பல கியர் வைத்த சைக்கிளில் ஊர்ஊராகச் சுற்றி அதன் அருமையை எழுதிக்கொண்டிருந்தார். யார் சொன்னது சரி என்று என் முழங்கால் எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டது.

கியரைவிட முக்கியம் பிரேக். கிளம்புவதற்கு முதல் நாள் பிரேக் கட்டைகளைப் பாருங்கள். அதில் உள்ள வெட்டுக்கோடு தேய்ந்து மழுங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். நான்கு கட்டைக்கு ஆகும் செலவு பெரிதல்ல. கட்டை ரிம்மில் மட்டும் பிடிக்கவேண்டும், டயரில் உரசக்கூடாது. பிரேக் வயரில் ஓர் இழை அறுந்திருந்தாலும் வயரையே மாற்றுங்கள். டயரைக் கல்லுப்போல் இறுக்கி அடிக்காதீர்கள். 28 மில்லிமீற்றர் டயருக்கு, 65 கிலோ ஆளுக்கு, 65, 70 பிஎஸ்ஐ போதும். ஈரப் பாதையில் அந்த இளக்கம்தான் பிடிப்பு.

பையில் டியூப் ஒன்று, ஒட்டுச் சாமான், டயர் நெம்பி இரண்டு, பம்ப், மழைக் கோட்டு, தண்ணீர்ப் போத்தல் இரண்டு, ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. அட்டைக்கு உப்புப் பொட்டலம். கூடவே ஒரு பேனாவும் ஒரு துண்டுக் காகிதமும். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

காலை ஐந்தரைக்கு மாத்தளையில் கிளம்பவேண்டும். முத்துமாரியம்மன் கோயில் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு. கோப்பிக் காலத்தில் நம் பூட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து வந்து சேர்ந்த ஊர் இது. வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. அவர்கள் நடந்ததை நினைத்தால் 30 கிலோமீற்றரைப் பற்றிப் புலம்ப வாய் வராது. இரத்தோட்டைவரை கால்களைச் சூடாக்கும் ஓட்டம் மட்டுமே: வீட்டுத் தோட்டங்களில் மிளகுக் கொடி, சாதிக்காய், கராம்பு, இடையிடையே கொக்கோ. வேகம் எடுக்க ஆசை வரும். எடுக்காதீர்கள்.

இரத்தோட்டை டவுனில் கட்டாயம் இறங்குங்கள். பிளேன்டீ, தேங்காய் ரொட்டி, கட்டைச் சம்பல். வயிறு நிறைய வேண்டாம், பாதி போதும். போத்தலை நிரப்பிக்கொள்ளுங்கள். கடையில் யாராவது கேட்பார்கள்: "எங்க தம்பி, மேலயா? சைக்கிள்லயா?" இரண்டாவது கேள்வியில் கொஞ்சம் கேலியும் கொஞ்சம் கவலையும் இருக்கும். சிரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

டவுனைத் தாண்டிச் சிறிது தூரத்தில் பம்பரகிரி எல்ல என்ற அருவிக்குப் பிரியும் வழி. தொங்குபாலம் அழகுதான், ஆனால் போகும்போது நிற்காதீர்கள், சூடான கால் ஆறிவிடும். குளிக்க இறங்கி உயிர் விட்டவர்கள் உள்ள இடம் என்பதால் வரும்போதும் நான் பாலத்தில் நின்று பார்ப்பதோடு சரி.

இனி ஏற்றம். பிரான்சின் மலைப்பாதைகளில் கிலோமீற்றருக்கு ஒரு கல் நட்டிருக்கிறார்கள். உச்சிக்கு எத்தனை கிலோமீற்றர், அடுத்த கிலோமீற்றர் எத்தனை வீதச் சரிவு என்று அதில் எழுதியிருக்கும். தூர்மலேயின் மேற்குப் பக்கம் 19 கிலோமீற்றர், சராசரி 7.4 வீதம், அதாவது 100 மீற்றர் போனால் 7.4 மீற்றர் உயர்கிறோம். அங்கே சைக்கிள்காரர் கல்லைப் பார்த்துக் கியர் போடுவார். இங்கே அப்படிக் கல் இல்லை. லொறியின் சத்தம்தான் கல். மேலே போகும் லொறி கியரை இறக்கி உறுமும் இடத்தைக் காது குறித்துக்கொள்ளவேண்டும்; அங்கே நாமும் கியரை இறக்கவேண்டும், செயின் இறுகுவதற்கு முன்பே. மிதி கனத்த பிறகு கியர் மாற்றினால் செயின் கழன்று விழும். வளைவின் உட்பக்கம் எப்போதும் செங்குத்து. பின்னால் வண்டி இல்லையென்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் சற்று வெளிப்பக்கமாக எடுங்கள்.

இப்போது அந்தக் காகிதத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் இடப்பக்கம் போகிறோம். ஏறும்போது நம் கண் இடப்பக்க ஓரத்திலேயே இருக்கும். ஆனால் திரும்பி வரும்போது நாம் ஓடப்போவது இப்போது வலப்பக்கம் தெரியும் ஓரத்தில். மணிக்கு 8 கிலோமீற்றரில் ஏறும்போது அந்தப் பக்கத்தைப் படிக்க நிறைய நேரம் இருக்கிறது. 35இல் இறங்கும்போது ஒரு நொடி இருக்காது. ஆகவே ஏறும்போது வலப்பக்கம் பாருங்கள். எந்த வளைவில் மண் வழிந்து கிடக்கிறது, எங்கே ஊற்றுநீர் பாதையைக் குறுக்கே நனைக்கிறது, எங்கே தார் பெயர்ந்து குழி விழுந்திருக்கிறது, எங்கே பாசி. ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாளம் வைத்துக் காகிதத்தில் எழுதுங்கள்: "சூலம் நட்ட மரம் – தண்ணீர்", "நீலத் தகரக் கூரை – மண்", "கொழுந்து மடுவம் – நாய் இரண்டு". வரிசையைத் தலைகீழாக, மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டால் இறங்கும்போது படிக்க வசதி. மூச்சு வாங்க நிற்கும் இடங்களை இந்த எழுத்து வேலைக்கு வைத்துக்கொண்டால், நின்றது களைப்பால் என்று யாரும் நினைக்கவும் மாட்டார்கள்.

இந்தப் பாடம் எனக்குச் சும்மா வரவில்லை. முதல் பயணத்தில் எதையும் பார்க்காமல் ஏறி, இறங்கும்போது பிரேக்கை விடாமல் அமுக்கியபடியே வந்தேன். ரப்பர் கருகும் வாசம் அடித்தது. எங்கோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். எரிந்தது என் பிரேக் கட்டை. ரிம் சூடேறி, ஒரு வளைவு முடிந்த கையோடு பின் டியூப் வெடித்தது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்காமார் சத்தம் கேட்டு ஓடிவந்து, ஆளுக்கு ஒன்றும் அடிபடவில்லை என்று கண்டதும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

மேலே போகப்போகத் தேயிலை குறைந்து காடு நெருங்கும். குளிர் தெரியும். மரங்கள் குட்டையாகி, கிளையெல்லாம் பாசி போர்த்திருக்கும். ஆயிரம் மீற்றருக்கு மேல் வந்துவிட்டோம் என்பதற்கு இவையே சாட்சி. கணவாயில் காற்று முகத்தில் அறையும். இந்தப் பக்கம் மூடுபனி, அந்தப் பக்கம் வெயில் என்று வானம் இரண்டு வேலை பார்க்கும். உடனே மழைக் கோட்டைப் போடுங்கள், மழை இல்லாவிட்டாலும். வியர்த்த உடம்பில் அந்தக் காற்று பட்டால் விரல் விறைக்கும். விறைத்த விரலால் பிரேக் பிடிக்க முடியாது. மேலே உள்ள அலைபரப்புக் கோபுரத்துக்குப் போகவேண்டும் என்றால் சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு நடந்து போங்கள்.

காலில் பலம் மிச்சம் இருந்தால் இன்னும் சில கிலோமீற்றர் இறங்கிப் பிட்டவல பத்தன என்ற புல்வெளியைப் பார்க்கலாம். பாறைமேல் மெல்லிய மண், அதன்மேல் குட்டைப் புல், ஓரத்தில் குட்டி உலக முடிவு என்று சொல்லும் செங்குத்துப் பள்ளம். ஈரப் பாறையில் ஒட்டியிருக்கும் ஒருவகைத் தவளை நக்கிள்ஸ் மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 2010இல் யுனெஸ்கோ இந்த மலைகளை உலக மரபுரிமையில் சேர்த்ததற்கு இப்படிப்பட்ட உயிர்கள்தான் காரணம். இறங்கிய தூரத்தைத் திரும்ப ஏறவேண்டும் என்பதை மறக்கவேண்டாம். பகல் பதினொன்றரைக்கு நான் எங்கே நின்றாலும் திரும்பிவிடுவேன்.

இறக்கம் தொடங்குவதற்கு முன் காகிதத்தை ஹேண்டிலில் ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். இரண்டு பிரேக்கையும் நின்ற இடத்தில் அமுக்கிப் பாருங்கள். பிறகு முறை இதுதான்: நேர்ப்பாதையில், வளைவு வருவதற்கு முன்பே, இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் நுழையும்போது விட்டுவிடுங்கள். பிடி, விடு, பிடி, விடு. விடும் நேரத்தில்தான் ரிம் ஆறுகிறது. வளைவில் வெளிப்பக்க மிதியைக் கீழே வைத்து அதில் பாரத்தைப் போடுங்கள். கண் குழியைப் பார்க்காமல் வளைவு முடியும் இடத்தைப் பார்க்கட்டும், வண்டி கண் போகும் இடத்துக்கே போகும். மழை பெய்தால் ரிம்மில் உள்ள தண்ணீர் வழிந்த பிறகுதான் பிரேக் பிடிக்கும், ஆகவே இன்னும் முன்கூட்டியே அமுக்குங்கள். கீழிருந்து வரும் பஸ் வளைவுக்கு முன் ஹோர்ன் அடிக்கும், முழுப் பாதையையும் எடுத்துக்கொண்டு திரும்பும். நம்மிடம் இருப்பது ஒரு மணி. சத்தம் கேட்டால் ஓரம் கட்டி நில்லுங்கள்.

நடுவழியில் இரண்டு தடவையாவது இறங்கி ஐந்து நிமிடம் ரிம்மை ஆறவிடுங்கள். தொட்டுப் பார்க்காதீர்கள், சுடும். ஒரு பெட்டிக்கடையில் நான் அப்படி நிற்கும்போதெல்லாம் அந்தக் கடைக்கார ஐயா, "ஹெமின் யன்ன மல்லி," மெதுவாகப் போ தம்பி, என்று சொல்லி ஒரு வாழைப்பழம் தருவார். காசு வாங்குவார்.

இரத்தோட்டைக்கு வந்ததோடு வேலை முடிந்துவிடாது. அன்று மாலையே செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, பிரேக் கட்டைகளைக் கழற்றிப் பார்க்கவேண்டும். அவற்றில் மணலும் அலுமினியத் துணுக்கும் பதிந்திருக்கும். ஊசியால் கிளறி எடுக்காவிட்டால் அடுத்த தடவை ரிம்மை அரம்போல் அராவும். போன தடவை நான் எடுத்த துணுக்குகள் ஒன்பது. காகிதத்தில் எழுதாமல் விட்ட இடமும் ஒன்று இருந்தது: நீலத் தகரக் கூரைக்கு அடுத்த வளைவில் புதிதாக ஓர் ஊற்று. பழைய காகிதத்திலேயே அதைச் சேர்த்து, பம்புக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறேன்.