பாக்கெட் கத்தியில் உங்களுக்கு வேண்டிய டூல் மட்டும்... மாற்றி அமைப்பது எப்படி? எதில் கவனம் தேவை?

பல கருவிகள் மடங்கியிருக்கும் ஸ்விஸ் பாக்கெட் கத்தியை வாங்கிய பலருக்கும் வரும் சந்தேகம் ஒன்றுதான்: 'இதில் கார்க் திருகி எதுக்கு?' தாம்பரத்தில் இருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் போய் வரும் ஐடி ஊழியருக்கோ, ஜிஎஸ்டி சாலையில் பைக்கில் அலையும் சர்வீஸ் இன்ஜினீயருக்கோ அதைவிட ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர்தான் அதிகம் பயன்படும். அப்படியானால் வேண்டாததை எடுத்துவிட்டு வேண்டியதைப் பொருத்திக்கொள்ள முடியுமா? முடியும். ஆனால் எந்தக் கத்தி என்பதைப் பொறுத்து வழி மாறும்.

தேவைக்காகப் பிறந்த கருவி

1891ல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கார்ல் எல்செனர் தன் நாட்டு ராணுவத்துக்குக் கத்தி வழங்கத் தொடங்கினார். துப்பாக்கியைக் கழற்ற ஸ்க்ரூடிரைவர், டப்பா உணவைத் திறக்க ஓப்பனர், துளையிட ஓர் ஊசி, கூடவே ஒரு பிளேடு. சிப்பாய்க்கு என்ன தேவையோ அது மட்டும்தான் அதில் இருந்தது. 1897ல் வந்த அதிகாரிகள் கத்தியில் அதே ஸ்பிரிங் இரண்டு பக்கக் கருவிகளையும் தாங்கும்படி வடிவமைத்தார். கார்க் திருகி சேர்ந்தது அப்போதுதான். அவர் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய விக்டோரினாக்ஸ்.

அமெரிக்காவின் டிம் லெதர்மேன் கதையும் தேவையில்தான் தொடங்குகிறது. 1975ல் ஐரோப்பியப் பயணத்தில் பழைய கார் அடிக்கடி மக்கர் செய்ய, கையில் இருந்த கத்தியில் குறடு இல்லையே என்று தவித்தார். பல ஆண்டு முயற்சிக்குப் பிறகு 1983ல் குறடு வைத்த மல்டி டூல் விற்பனைக்கு வந்தது.

மாற்றுவது ஏன் சுலபமில்லை?

விக்டோரினாக்ஸ் கத்தியில் பிளேடு, ஸ்பிரிங், தகடு எல்லாம் அடுக்கடுக்காக வைக்கப்பட்டு, பித்தளை ரிவிட்டால் இறுக்கப்பட்டிருக்கும். ஸ்க்ரூ கிடையாது. ஒரு கருவியை மாற்ற வேண்டுமானால் ரிவிட்டை ராவியோ துளையிட்டோ எடுத்து, அடுக்கைப் பிரித்து, புதுப் பித்தளைக் கம்பியால் மறுபடி இறுக்க வேண்டும். கொஞ்சம் தளர்ந்தாலும் பிளேடு ஆடும், விரல் வெட்டுப்படும். இப்படி மாற்றியமைத்த கத்திக்கு வாரண்டியும் கிடைக்காது.

அப்போ என்ன வழி?

● சரியான மாடலைத் தேர்ந்தெடுப்பது: இதுதான் சுலபம், செலவும் குறைவு. 91 மி.மீ. வரிசையில் 'ஸ்பார்ட்டன்' மாடலில் கார்க் திருகி இருக்கும். அந்த இடத்தில் 'டிங்கர்' மாடலில் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் இருக்கும். கத்தரிக்கோலும் வேண்டுமா? 'சூப்பர் டிங்கர்' இருக்கிறது.

● பிரிக்காமலே சேர்ப்பது: கார்க் திருகி உள்ள கத்தியே ஏற்கெனவே கையில் இருந்தால், அந்தத் திருகிக்குள் சுற்றி வைக்கும் குட்டி ஸ்க்ரூடிரைவர் தனியாகக் கிடைக்கிறது. மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூ லூஸானால் கைகொடுக்கும். கைப்பிடி உறையையும் மாற்றலாம்.

● பிட் மாற்றும் மல்டி டூல்: லெதர்மேன் 'வேவ்' போன்ற மாடல்களில் ஸ்க்ரூடிரைவர் முனையை உருவி வேறு முனை போடலாம். ஸ்டார், அலன், டார்க்ஸ் என பைக்குக்கும் லேப்டாப்புக்கும் ஏற்றபடி. 'சர்ஜ்' மாடலில் ரம்பத்தையும் அரத்தையும் கூட மாற்றலாம்.

● முழுக்க மாடுலர்: ரோக்ஸான் 'ஃப்ளெக்ஸ்' போன்றவை ஸ்க்ரூவைக் கழற்றி, கருவிகளை நாமே அடுக்கிக்கொள்ளவே வடிவமைக்கப்பட்டவை.

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய டூல்களைத் தேடுபவர்கள், பிளேடு ஆடுகிறதா, மடக்கும்போது 'டக்' என்று உட்காருகிறதா, துரு மூட்டு வரை இறங்கியிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

1959ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழான விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீடு, விவசாயம், அறிவியல், தொழில் பயன்பாட்டுக்கானவற்றுக்கு விலக்கு உண்டு. 91 மி.மீ. என்பது மடித்த நிலையில் சுமார் மூன்றரை அங்குலம்தான் என்பதால் சாதாரண பாக்கெட் கத்தி அந்த அளவை நெருங்கவே நெருங்காது. அதற்காக எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம் என்று அர்த்தமில்லை. தகராறில் நீட்டினால் அது டூல் அல்ல, ஆயுதம்.

மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுபவர்கள் கேபின் பையில் கத்தியை வைக்கவே கூடாது. செக்-இன் லக்கேஜில் போட மறந்தால், பாதுகாப்புச் சோதனையிலேயே அதைக் கைவிட வேண்டி வரும். பல ஆயிரம் ரூபாய் டூல் அப்படிப் போனால் திரும்பக் கிடைப்பது கஷ்டம். பல நாடுகளில் கத்திக் கட்டுப்பாடுகள் இறுகுவதால், பிளேடே இல்லாத பாக்கெட் டூலை உருவாக்கி வருவதாக 2024ல் விக்டோரினாக்ஸே அறிவித்தது.

இரண்டு எச்சரிக்கைகள்

மல்டி டூலின் கைப்பிடி பெரும்பாலும் உலோகம். இன்சுலேஷன் கிடையாது. ஸ்விட்ச் போர்டைத் திறக்கும் முன் மெயினை ஆஃப் செய்தே ஆக வேண்டும்.

அடுத்தது துரு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றாலும் சென்னையின் ஈரக்காற்றிலும் வியர்வையிலும் மூட்டுகளில் துரு பிடிக்கும். மழையில் நனைந்தால் வெதுவெதுப்பான நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். பழம் நறுக்கவும் அதே கத்திதான் என்றால் மெஷின் ஆயில் வேண்டாம், உணவுக்கு ஏற்ற மினரல் ஆயில் போதும்.

வாங்கும் முன் ஒரு வாரம்

எந்த டூல் வேண்டும் என்று குழப்பமா? ஒரு வாரத்துக்கு, 'இப்போ ஒரு கத்தரிக்கோல் இருந்தா நல்லாயிருக்கும்' என்று தோன்றும் ஒவ்வொரு முறையும் போனில் குறித்து வையுங்கள். பார்சல் பிரித்தது, பைக் கண்ணாடியை இறுக்கியது, சார்ஜர் வயர் சீவியது எல்லாம் அதில் வரட்டும். வாரக் கடைசியில் அந்தப் பட்டியலில் இரண்டு முறைக்கு மேல் வந்தவைதான் உங்கள் டூல்கள். அவை இருக்கும் மாடலைத் தேடினால், ரிவிட்டில் கை வைக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது.