கல்லாவில் இருக்கும் தாய்க்கு யார் சம்பளம் தருவது?

1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில் 12 வாரமாக இருந்த சம்பள விடுப்பு, 2017-இல் 26 வாரமாக உயர்ந்தது. நல்ல காரியம்தான். ஆனால் முதலாளி ஒருவர் இருக்கிறார் என்ற கணக்கில் வந்த ஏற்பாடு அது. தனியாக மளிகைக்கடை நடத்தும் பெண்ணுக்கு முதலாளியும் அவரே, சிப்பந்தியும் அவரே. பத்து நாள் ஷட்டர் இறங்கினால் வாடிக்கை எதிர்க்கடைக்குப் போய்விடும்; வெளிப்பாக்கியும் நின்றுவிடும்.

இங்கிலாந்தில் சொந்தத் தொழில் செய்யும் பெண், தேசியக் காப்பீட்டுச் சந்தா கட்டியிருந்தால் 39 வாரம் வரை அரசே உதவித்தொகை தருகிறது. (தகப்பனுக்குக் கிடையாது!) நம் வணிகர் நல வாரியத்தின் வழியாக அப்படி ஒன்றை அரசிடம் கேட்போம். அதுவரை மொத்த வியாபாரிகளாகிய நாம், பிரசவத்துக்கு மூடிய கடைக்கு வசூல் ஆளை அனுப்பாமல், பழைய பாக்கிக்கு மூன்று மாதம் கெடு கொடுக்கலாம். வட்டி போடாமல்.