அப்பா வீட்டு டிஎஸ்எல் ஏன் இழுக்குது?

“அப்பா அம்மா வீட்டுல இன்டர்நெட் ரொம்ப ஸ்லோ. பெரிய ப்ளான் எடுத்துக் கொடுக்கட்டுமா?” என்கிட்ட அடிக்கடி வர்ற கேள்வி இது. டெலிஃபோன் லைன்ல வர்ற இன்டர்நெட்னா என் பதில் ஒண்ணுதான்: காசு கொடுக்கறதுக்கு முன்னாடி கம்பியைப் பாருங்க.

இந்த டிஎஸ்எல் கதை நாம வாழுற மூணு இடத்தையும் தொட்டது. நியூ ஜெர்சியில், பெல்கோர் நிறுவனத்தின் ஜோசப் லெக்லைடர் 1980களில் ஒன்றைக் கவனித்தார். ஒரே கேபிளுக்குள் பல ஜோடிக் கம்பிகள் நெருங்கிப் போகும்போது, ஒன்றின் சிக்னல் இன்னொன்றுக்குள் கசிகிறது. இரு திசையிலும் ஒரே வேகம் வைத்தால் அந்தத் தொல்லை அதிகம். அப்லோடைக் குறைத்தால் டவுன்லோடைக் கூட்டலாம். நமக்குப் பாட்டி முகம் தெளிவா தெரிய, பாட்டிக்கு நம்ம முகம் உறைஞ்சு நிக்கிறது பல நேரம் இதனாலதான்.

அடுத்து பே ஏரியா. ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஜான் சியோஃபி, கம்பியின் அலைவரிசையை 256 சின்னத் துண்டுகளாகப் பிரிக்கும் முறையைத் தன் அமாட்டி நிறுவனத்தில் வளர்த்தெடுத்தார். இரைச்சல் அதிகமான துண்டில் டேட்டா குறைவாகப் போகும். டல்லாஸின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1997-ல் அமாட்டியை வாங்க ஒப்பந்தம் போட்டது.

எவ்வளவு மூளை செலவழிச்சாலும் ரெண்டு விஷயம் வேகத்தைப் பிடிச்சு இழுக்கும்.

முதலாவது தூரம். எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 18,000 அடி, அதாவது ஐந்தரை கிலோமீட்டர் தாண்டினால் சாதாரண ஏடிஎஸ்எல் கிடைப்பதே கஷ்டம். மேப்பில் தெரியும் தூரம் இல்லை. கம்பி சுத்தி வர்ற தூரம். மோடம் பக்கத்துல ‘அட்டெனுவேஷன்’ எண் பெருசா இருந்தா சிக்னல் வழியிலேயே தேய்ஞ்சு வருதுன்னு அர்த்தம். பெரிய ப்ளான் இதை மாத்தாது.

இரண்டாவது வீட்டு வயரிங். இது மட்டும்தான் நம்ம கையில இருக்கு. ஃபில்டர் மாட்டாத பழைய ஃபோன், யாரும் தொடாத எக்ஸ்டென்ஷன் வயர், துருப்பிடிச்ச ஜாக் எல்லாமே சிக்னலைக் கெடுக்கும்.

வெளிச்சுவர்ல இருக்கிற சாம்பல் நிறப் பெட்டியில வாடிக்கையாளர் பக்கத்தைத் திறங்க. பெரும்பாலும் உள்ளே டெஸ்ட் ஜாக் இருக்கும். வீட்டு வயரைக் கழட்டிட்டு மோடத்தை அதுல நேரா செருகி, கேபிள் போட்ட லேப்டாப்புல வேகம் பாருங்க. அங்கே வேகம் கூடினா குற்றவாளி வீட்டுக்குள்ளதான். கூடலைன்னா கம்பெனிக்கு ஃபோன் போடுங்க.

ஒரு எச்சரிக்கை. கோபத்துல லைனை கேன்சல் பண்ணிடாதீங்க. ஏடி அண்ட் டி 2020 அக்டோபரிலிருந்தே புது டிஎஸ்எல் ஆர்டர் எடுக்கறதில்லை. விட்டா திரும்பக் கிடைக்காது. ஃபைபரோ கேபிளோ வீட்டுக்கு வந்து, ஒரு வாரம் ஒழுங்கா ஓடட்டும். அப்புறம் பழசுக்கு குட்பை சொல்லலாம்.