ஆளில்லாமல் ஆடிய ஊஞ்சல்

மயிலாப்பூரில் என் மாமனார் வீட்டுக் கூடத்தில் ஒரு தேக்குப் பலகை ஊஞ்சல் உண்டு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.40 மணி இருக்கும். காப்பித் தம்ளருடன் கூடத்துக்கு வந்தேன். ஊஞ்சலில் யாரும் இல்லை. ஆனால் அது மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. யார் ஆட்டிவிட்டது என்று கேட்டேன். யாரும் இல்லை என்றார்கள். அலமாரிப் பாத்திரங்களோ சிறிதும் சத்தமிடவில்லை. சற்று நேரத்தில் எதிர் வீட்டு மாடியிலிருந்து, "கட்டில் ஆடியது, பூகம்பம்!" என்று குரல் கேட்டது. "சென்னையில் பூகம்பமாவது!" என்று சிரித்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன்.

அன்று எட்டு மணிக்கு எல்லோரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போவதாக ஏற்பாடு. விடுமுறைக்கு வந்திருந்த என் மைத்துனி மகனின் செருப்பில் ஒன்றைக் காணவில்லை. அதைத் தேடியதில் ஒரு மணி நேரம் போயிற்று. நாங்கள் வாசலில் இறங்கியபோது, கடற்கரைப் பக்கமிருந்து ஓடி வந்தவர்கள், "கடல் ஊருக்குள் வந்துவிட்டது" என்றார்கள்.

நான் இயற்பியல் கற்பிப்பவன். அந்த ஊஞ்சல் சொன்னதை முதலில் புரிந்துகொண்டிருக்க வேண்டியவன் நானே. அது என்ன சொன்னது?

ஊஞ்சல் என்பது ஓர் ஊசல்தான். அதன் சங்கிலி நீளம் சுமார் 2.25 மீட்டர். இதைப் புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 6.28-ஆல் பெருக்குங்கள். அலைவு நேரம் 3 வினாடி என்று வரும். சிறு குழந்தைகூட, அதற்குரிய தாளத்தில் தள்ளினால் பெரிய ஊஞ்சலை ஆட்டிவிடும். இதுவே ஒத்ததிர்வு. தரை சில வினாடிகளுக்கு ஒரு முறை மெதுவாக அசைந்தால் ஊஞ்சல் அதற்கு இசைந்து ஆடும். பாத்திரங்கள் கடகடக்க வேண்டுமானால், தரை வினாடிக்குப் பல முறை துடிக்க வேண்டும்.

நிலநடுக்கத்தில் இருவகை அதிர்வுகளும் பிறக்கின்றன. ஆனால் விரைவான துடிப்புகள் பாறை வழியே நெடுந்தூரம் செல்லும்போது தேய்ந்து மறைகின்றன. மெதுவான அலைகளே தொலைவு தாண்டி வருகின்றன. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரியை அடுத்த கடலில், 5-க்குச் சற்று மேற்பட்ட அளவுள்ள நடுக்கம் ஏற்பட்டது. அன்று இதே வீட்டில் பாத்திரங்கள் கலகலத்தன, ஜன்னல்கள் அதிர்ந்தன. ஊஞ்சல் ஆடியதாக யாருக்கும் நினைவில்லை. பாத்திரம் வாய் திறக்காமல் ஊஞ்சல் மட்டும் ஆடுகிறது என்றால், நடுக்கம் தொலைவில் உண்டானது. அத்தனை தூரம் தாண்டி வந்ததால், மிகப் பெரியது.

அன்று சுமத்ராவுக்கு அருகே, சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,000 கி.மீ. தொலைவில், 6.29 மணிக்குக் கடலடிப் பாறை பிளக்கத் தொடங்கியது. அளவு 9-க்கும் மேல். நிலத்தின் மேற்பரப்பு அலைகள் வினாடிக்கு மூன்று நான்கு கி.மீ. வேகத்தில் சுமார் பத்து நிமிடத்தில் மயிலாப்பூரை எட்டிவிட்டன. ஊஞ்சல் ஆடியது அப்போதுதான்.

கடலலைக்கு அந்த வேகம் கிடையாது. ஆழத்தை 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் ஆழிப்பேரலையின் வேகம் கிடைக்கும். 4,000 மீட்டர் ஆழத்துக்கு இது வினாடிக்கு 198 மீட்டர். மணிக்கு 700 கி.மீ.க்குச் சற்று மேல். பிளவு வடக்கே அந்தமான் வரை 1,200 கி.மீ.க்கு மேல் நீண்டதால், அலை புறப்பட்ட இடம் நமக்கு இன்னும் நெருக்கமாயிற்று. ஆயினும் அலை வந்து சேர ஒன்பது மணியளவு ஆகிவிட்டது. கரையருகே ஆழம் 10 மீட்டராகக் குறையும்போது வேகம் மணிக்கு 36 கி.மீ. ஆகிறது. முன்னால் செல்லும் நீர் தயங்க, பின்னால் வருவது அதன்மேல் நெருக்கி ஏறுகிறது. நடுக்கடலில் ஒரு மீட்டர்கூட இல்லாத அலை, மெரினாவில் நடைப்பயிற்சிக்கு வந்தவர்களையும் சீனிவாசபுரம் குடிசைகளையும் வாரிச் சுருட்டியது இப்படித்தான்.

ஊஞ்சலுக்கும் அலைக்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்த வர்க்கமூலச் சூத்திரத்தை அதே ஆண்டு வகுப்பில் கரும்பலகையில் எழுதியவன் நான்! இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது எச்சரிக்கை ஏற்பாடு இல்லை என்பது உண்மைதான். ஆனால் எங்கள் கூடத்தில் ஒன்று இருந்தது.

2012 ஏப்ரல் 11, பிற்பகல். புத்தாண்டுத் துணி எடுக்கத் தியாகராய நகரில் ஒரு கடையின் நான்காம் மாடியில் இருந்தோம். கொடியில் தொங்கிய பாவாடைகள் ஒருசேர ஆடின. படகில் நிற்பதுபோல் தலை சுற்றியது. நீண்ட குச்சியின் அடியைச் சிறிது அசைத்தால் நுனி அதிகம் ஆடுமல்லவா? கீழே கடைத்தெருவில் நடந்தவர்கள் பலர் எதையும் உணரவில்லை. மகள் கேட்டாள்: "அப்பா, இப்போது கடல் வருமா?"

இம்முறை நடுக்கத்தின் அளவு 8.6. ஆனால் பாறைகள் மேலெழாமல், ஒன்றையொன்று உரசிப் பக்கவாட்டில் நழுவின. நீர் நிறைந்த அண்டாவின் அடித்தட்டை மேலே தட்டினால் நீர் எழும்பும். அடித்தட்டு பக்கவாட்டில் வழுக்கினால் அவ்வளவாக எழும்பாது. அலை சிறியதாகவே இருந்தது. இது பின்னால் தெரிந்தது. நிலம் எழும்பியதா, நழுவியதா என்பதை ஊஞ்சலோ பாவாடையோ சொல்லாது. 2007 முதல் இயங்கும் ஐதராபாத் சுனாமி எச்சரிக்கை மையம் அன்று எச்சரிக்கை விடுத்தது; கடற்கரையிலிருந்து மக்களை வெளியேற்றினார்கள்.

மாலையில் பெசன்ட் நகருக்கு அழைத்துப் போவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். "வரலாம்" என்று மட்டும் பதில் சொல்லி, பாண்டி பஜாரிலேயே ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். அவளுக்குக் கோபம் தீரவில்லை.