சீருடைக் கனவு இருக்கா? போதை, பாலியல் அத்துமீறல் பற்றிய விதிகளை முதல்ல தெரிஞ்சுக்கோங்க

விடியற்காலையில் திருத்தணி மலையடிவாரத்துக்குப் போய்ப் பாருங்க. முருகனைத் தரிசிக்க 365 படி ஏறுபவர்கள் ஒரு பக்கம். மலைப்பாதையில் மூச்சு வாங்க ஓடும் பசங்களும் பொண்ணுங்களும் இன்னொரு பக்கம். ராணுவம், காவல்துறை, துணை ராணுவப் படை என்று ஆளுக்கொரு கனவு. அக்னிவீர் தேர்வுக்கு 1.6 கிலோமீட்டரை எத்தனை நிமிஷத்தில் ஓடி முடிக்கணும் என்று கேட்டால் உடனே சொல்லிடுவாங்க.

ஆனால் ஒரு கேள்வி. ஓட்டத்தில் ஜெயிச்சு, எழுத்துத் தேர்விலும் ஜெயிச்ச பிறகு, உங்க பேரில் ஒரு வழக்கு இருந்தால் என்ன ஆகும்? அல்லது முகாமில் உங்களுக்கே ஒரு அத்துமீறல் நடந்தால் யாரிடம் போவீங்க? ஓடிப் பழகும் பலருக்கும் இந்த விதிகள் தெரியாது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போறோம்.

சீருடை போட்ட பிறகு விதி என்ன?

சென்னை பரங்கிமலையில் இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி 1963-ல் தொடங்கியது. 1992-லிருந்து பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசிய பாதுகாப்பு அகாடமியில் 2022-ல் சேர்ந்த முதல் பெண்கள் அணியில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சியை முடிச்சாங்க. ஆணும் பெண்ணும் சேர்ந்து பயிற்சி பெறும் இடத்தில் ஒழுக்க விதிகள் எவ்வளவு கண்டிப்பாக இருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

1950-ம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 48-வது பிரிவைப் பாருங்க. ராணுவத்தில் இருப்பவர் போதையில் இருப்பதே குற்றம். பணி நேரமா, ஓய்வு நேரமா என்ற வித்தியாசம் தண்டனையின் அளவில்தான். அதிகாரியாக இருந்தால் பதவியே பறிபோகலாம். அநாகரிகமான, இழிவான நடத்தைக்கு 46-வது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை. 'லீவுலதானே இருந்தேன்', 'விளையாட்டுக்குத்தான் செஞ்சேன்' என்ற பேச்சு அங்கே எடுபடாது.

சேர்வதற்கு முன்னாடியே கதவு மூடலாம்

சீருடைப் பணிக்குத் தேர்வானதும் காவல்துறை உங்க முன்வரலாற்றைச் சரிபார்க்கும். தமிழ்நாடு காவலர் பணி விதிகளில் இது ரொம்பக் கண்டிப்பு. குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவருக்கு வேலை கிடையாது. 'வழக்கிலிருந்து விடுதலை ஆயிட்டேனே' என்று கேட்கலாம். சந்தேகத்தின் பலனை அளித்து விடுவித்திருந்தாலோ, சாட்சி பல்டி அடித்ததால் விடுதலையாகி இருந்தாலோ, வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே விதி கருதும். சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-ல் இந்த விதியை உறுதி செய்தது.

சரி, வழக்கை மறைச்சுட்டா? அது இன்னும் மோசம். வழக்கு விவரத்தை மறைப்பதும், பொய்யான தகவல் தருவதும் வேலையை ரத்து செய்யக் காரணமாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் அவதார் சிங் வழக்கில் விளக்கியது. எனவே விண்ணப்பத்தில் கேட்ட கேள்விக்கு உண்மையையே எழுதுங்க.

'இந்தப் பையைக் கொஞ்சம் வச்சுக்க மச்சி'

திருத்தணி எல்லை ஊர். 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர்தான் இது. இன்றைக்கும் நகரி, புத்தூர், ரேணிகுண்டா என்று பஸ்ஸிலும் ரயிலிலும் நாம போய் வந்துக்கிட்டே இருக்கோம். படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாமே எல்லை தாண்டித்தான். அதனாலேயே இந்த வழித்தடத்தில் சோதனையும் இருக்கும்.

போதைப் பொருட்கள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், 1985 என்ன சொல்லுது?

கஞ்சா 1 கிலோ வரை 'சிறிய அளவு'. 'சிறிய' என்ற பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. அதற்கே 1 ஆண்டு வரை கடுங்காவல், 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1 கிலோவுக்கு மேல், 20 கிலோவுக்குள் என்றால் 10 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும். 20 கிலோவுக்கு மேல் போனால் 'வணிக அளவு'. அதற்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டு. ஹெராயினில் 5 கிராம், மெத்தம்பெட்டமைனில் 2 கிராம் வரைதான் 'சிறிய அளவு'. கஞ்சாவை விற்காமல், வெறுமனே புகைத்தாலும் 6 மாதம் வரை சிறைக்கு வழி இருக்கு.

இதில் நல்ல பசங்க மாட்டுவது எப்படின்னா, மூணு வழியில்.

முதலாவது, அடுத்தவர் கொடுத்த பை. உங்க கையில் பொருள் பிடிபட்டால், 'தெரிஞ்சுதான் வச்சிருந்தார்' என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள 35-வது பிரிவு இடம் தருது. 'எனக்குத் தெரியாது' என்று நிரூபிக்க வேண்டிய சுமை உங்க தலையில்.

இரண்டாவது, இரவல் கொடுத்த பைக். கடத்தலுக்குப் பயன்பட்ட வண்டி பறிமுதல் ஆகும். தெரிந்தே கொடுத்திருந்தால் 25-வது பிரிவின்படி நீங்களும் குற்றவாளி.

மூன்றாவது, அறை. நண்பர்கள் உங்க அறையில் புகைப்பதைத் தெரிந்தே அனுமதிச்சாலும் அதே 25-வது பிரிவு பாயும்.

இன்னொன்றும் சொல்லணும். டாக்டர் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை வாங்கிப் போதைக்குப் பயன்படுத்துவது, 'ஸ்டாமினா வரும்' என்று யாரோ தரும் ஊசி போட்டுக்கிறது, இரண்டுமே உயிருக்கு ஆபத்து. அக்னிவீர் ஆள்சேர்ப்பில் ஊக்கமருந்து எடுத்தது தெரிந்தால் தகுதி போயிடும்.

ஏற்கெனவே சிக்கிட்டீங்களா? திரும்பி வர வழி இருக்கு

இந்தப் பகுதியை யாரும் தாண்டிப் போயிடாதீங்க. உங்களுக்கு இல்லைன்னாலும் உங்க நண்பருக்குத் தேவைப்படலாம்.

அதே 1985 சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கு. போதைக்கு அடிமையான ஒருவர், பயன்படுத்திய குற்றத்துக்காகவோ சிறிய அளவு சம்பந்தப்பட்ட குற்றத்துக்காகவோ குற்றம் சாட்டப்பட்டிருந்தாலும், தானே முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்தால், அந்த வழக்கு நடவடிக்கையிலிருந்து பாதுகாப்பு பெறலாம். ஒரே நிபந்தனை, சிகிச்சையைப் பாதியில் விடக் கூடாது. விட்டால் பாதுகாப்பு ரத்தாகலாம். விற்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

இதைப் பெற்றோர்கள் முக்கியமா கவனிக்கணும். மகன் பையில் ஏதோ கிடைச்சதும் அடிச்சு, பூட்டி வச்சு, ஊருக்குத் தெரியாமல் மறைக்கிறது நம்ம வீடுகளில் நடக்குது. அவமானத்துக்குப் பயந்து தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு வழக்குக்கு அருகில் கொண்டுபோய் விடும். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. சிகிச்சை எடுப்பது குற்றப் பதிவு ஆகாது.

பாலியல் அத்துமீறல்: எது, எங்கே, யாரிடம்?

1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, கேலி செய்த இளைஞர்களால் உயிரிழந்தார். அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிராகத் தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது. 'சும்மா கிண்டல்' என்று தொடங்குவது எங்கே முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

இன்றைக்குக் கல்லூரிகளுக்கு யு.ஜி.சி.யின் 2015-ம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள் இருக்கு. விருப்பமில்லாத தொடுதல், பாலியல் ரீதியான பேச்சு, ஆபாசப் படம் காட்டுதல், 'ஒத்துழைச்சா முகாமுக்கு அனுப்புறேன்' என்று பேரம் பேசுதல், எல்லாமே துன்புறுத்தல்தான்.

கல்லூரி வாசலோடு இந்த விதி நின்றுவிடாது. கல்லூரி ஏற்பாடு செய்த பஸ், சுற்றுலா, விளையாட்டுப் போட்டி, முகாம் நடக்கும் இடம் எல்லாமே வளாகத்தில் அடக்கம். அதனால் கல்லூரி சார்பில் போகும் என்.சி.சி. முகாமில் நடந்தாலும் கல்லூரியில் புகார் தரலாம். மாணவிகளோடு மாணவர்களும் திருநர்களும் பாதிக்கப்படலாம் என்பதையும் இந்த விதிகள் ஏற்றுக்கொள்கின்றன.

ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார் குழு இருக்கணும். தலைவர் மூத்த பேராசிரியையாக இருப்பார். உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள். வெளியிலிருந்து ஒருவர் இருப்பார். மாணவர் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் மாணவப் பிரதிநிதிகளும் இருப்பாங்க. சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரணும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். குழு 90 நாளில் விசாரணையை முடிக்கணும். தப்பு செய்த மாணவருக்கு உதவித்தொகை நிறுத்தம், விடுதிக்குத் தடை, இடைநீக்கம், கடைசியாகக் கல்லூரியை விட்டே நீக்கம் வரை தண்டனை உண்டு.

'நிரூபிக்க முடியலைன்னா பொய்ப் புகார்னு சொல்லிடுவாங்களோ?' இந்தப் பயம் வேண்டாம். ஆதாரம் போதவில்லை என்பதற்காக மட்டும் புகார் கொடுத்தவர் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது.

இந்த மூணு விஷயத்தையும் மனசில் வச்சுக்கோங்க

ஒன்று, வயசு. அக்னிவீர் தேர்வுக்குப் பதினேழரை வயசு போதும். முதலாண்டு மாணவர்களில் பலருக்கும் 17 வயசுதான். 18 நிறையாதவர் சட்டப்படி குழந்தை. அவர் சம்மதிச்சாலும் 2012-ம் ஆண்டு போக்சோ சட்டம் பாயும். நடந்தது தெரிந்தும் புகார் சொல்லாமல் மறைப்பதும் அந்தச் சட்டப்படி குற்றம்.

இரண்டு, போதையும் சம்மதமும். போதையில் இருக்கும் பெண், என்ன நடக்குது என்று புரியாத நிலையில் தரும் சம்மதம் சம்மதமே இல்லை. இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-வது பிரிவு. 'நான் போதையில் இருந்தேன், எனக்கு நினைவே இல்ல' என்று ஆண் சொல்வதையும் சட்டம் ஏற்காது. தானே விரும்பி எடுத்த போதை சாக்கு ஆகாது.

மூன்று, செல்போன். ஒருத்தரின் அந்தரங்கப் படத்தை அனுமதி இல்லாமல் எடுப்பது குற்றம். வெளிப்படையான பாலியல் காட்சிகளை அனுப்பினாலோ பகிர்ந்தாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-ஏ பிரிவின்படி முதல் முறையே 5 ஆண்டு வரை சிறை. வாட்ஸ்அப் குரூப்பில் வந்ததை 'ஃபார்வேர்ட்' மட்டும்தான் செய்தேன் என்றாலும் அதுவும் பகிர்தல்தான்.

எல்லையைத் தாண்டி நடந்தால்?

நகரி பஸ்ஸிலோ, ரேணிகுண்டா ரயிலிலோ நடந்தால் ஆந்திரா போய்த்தான் புகார் தரணுமா? வேண்டாம். எந்தக் காவல் நிலையத்திலும் தரலாம். இதற்கு 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்று பேர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவில் இது தெளிவாகவே இருக்கு. திருத்தணியில் பதிவு செய்து, உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்பணும். ஆன்லைனிலும் தகவல் தரலாம். ஆனால் 3 நாளுக்குள் நேரில் வந்து கையெழுத்து போடணும். எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம்.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது 2 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆதரவு தெரிவிக்கிறோம் என்று ஸ்டேட்டஸில் படம் போடுபவர்களும் இதைக் கவனிங்க.

இப்பவே போனில் சேமிச்சுக்கோங்க

அவசரம்: 112 அல்லது 100. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியை இறக்கி வச்சுக்கோங்க. சிவப்பு பட்டனை அழுத்தினால் உங்க இருப்பிடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போயிடும்.
ரயிலில்: 139.
பெண்கள் உதவி: 181. குழந்தைகள் உதவி: 1098.
போதைப் பொருள் விற்பனை பற்றித் தகவல் தர: 10581, தேசிய அளவில் 1933.
போதையிலிருந்து மீள ஆலோசனை: 14446. மருத்துவ ஆலோசனை: 104.
மனசு சரியில்லையா? 'டெலி மானஸ்' 14416. தமிழிலேயே பேசலாம்.
இணையக் குற்றம்: 1930. பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசப் பதிவுகளைத் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலும் தெரிவிக்கலாம்.
ராகிங்: 1800 180 5522. சீனியர்கள் குடிக்கச் சொல்லி வற்புறுத்தினாலும் இங்கே சொல்லலாம்.

நாளைக்குக் காலையில் ஓடப் போகும் உங்க வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கட்டுரையை அனுப்பி வைங்க. கல்லூரிக்குப் போனதும் அறிவிப்புப் பலகையில் உள்ளகப் புகார் குழு உறுப்பினர்களின் பேரும் எண்ணும் இருக்கா என்று பார்க்கச் சொல்லுங்க. இல்லையென்றால் முதல்வரிடம் கேட்கச் சொல்லுங்க. அதைக் கேட்பது மாணவரின் உரிமை. தப்பான பையை வாங்காமல் இருப்பதும், தப்பு நடந்தால் வாய் திறந்து சொல்வதும், சிக்கினால் மறைக்காமல் சிகிச்சைக்குப் போவதும்தான் சீருடைக்கான முதல் பயிற்சி.