பழைய செயின்சாவை வீட்டிலேயே சரி செய்யலாமா? அந்த சின்ன ஸ்க்ரூவைத் திருகும் முன் இதைப் படிங்க!

தோட்டத்து ஷெட்டில் வருஷக்கணக்கில் கிடந்த செயின்சா. மழைக்காலத்தில் மரம் விழுந்த பிறகுதான் அதன் ஞாபகமே வரும். எடுத்துத் தூசி தட்டி, புது பெட்ரோல் ஊற்றி, பத்து தடவை கயிறு இழுத்தால் திணறித் திணறி ஓடும். பக்கத்தில் நிற்கும் யாராவது ஒருத்தர், "கார்புரேட்டர்ல ஒரு ஸ்க்ரூ இருக்கு, அதைக் கொஞ்சம் டைட் பண்ணுங்க" என்பார். டைட் செய்ததும் திணறல் நிற்கும். சத்தம் முன்பைவிட கணீரென்று வரும். அரை மணி நேரம் கழித்து, மரத்தின் நடுவில் ஒரு தடவை 'விர்ர்' என்று வேகம் ஏறி, பட்டென்று நின்றுவிடும். அதன்பிறகு கயிறு அசையவே அசையாது.

மெக்கானிக் மொழியில் சொன்னால், என்ஜின் 'சீஸ்' ஆயிடுச்சு. பிஸ்டனும் சிலிண்டரும் உரசி, ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டன.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. அவற்றை அறுத்து அகற்ற செயின்சா எவ்வளவு தேவைப்பட்டது என்பது அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். மரம் அறுக்கப் போகிற ஒருவருக்கு மெஷின் சீஸ் ஆவது என்றால் அன்றைய கூலி மட்டும் போவதில்லை, பிழைப்பே சில நாள் நின்றுவிடும். ஒரு ஸ்க்ரூவைக் கால் சுற்று திருகியதற்கு இவ்வளவு பெரிய விளைவா?

ஆமா. காரணம் இதுதான்.

பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும்

கார், பைக் என்ஜினில் ஆயிலுக்குத் தனி இடம் உண்டு. செயின்சாவில் இருக்கும் டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் அது கிடையாது. பழைய டிவிஎஸ் 50-க்கு பங்க்கில் ஆயில் கலந்து பெட்ரோல் போட்டது ஞாபகம் இருக்கா? அதே முறைதான். 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி ஆயில். பழைய மாடல்கள் சிலவற்றில் 25-க்கு 1, அதாவது 40 மில்லி. எது என்பது மெஷினுடன் வந்த கையேட்டில் இருக்கும்.

'எச்' என்று குறித்திருக்கும் ஸ்க்ரூவை வலது பக்கம் டைட் செய்தால், முழு வேகத்தில் உள்ளே போகும் பெட்ரோல் குறையும். அதோடு சேர்ந்து ஆயிலும் குறையும். காற்று அதிகமான இந்தக் கலவையில் சூடு எகிறும், வேகமும் கூடும். அதனால்தான் மெஷின் 'சூப்பரா' ஓடுவது போலத் தோன்றுகிறது. செத்துப்போகும் முன் வரும் சத்தம்தான் அது!

அப்போ முதலில் எதைப் பார்ப்பது?

ஸ்க்ரூவைக் கடைசியில் தொடுங்க. பழைய மெஷினில் பெரும்பாலான கோளாறு வேறு இடத்தில்தான் இருக்கும்.

ஏர் ஃபில்டரில் மரத்தூள் அடைத்திருந்தால் காற்று குறைந்து என்ஜின் திணறும். அதைச் சுத்தம் செய்யாமல் ஸ்க்ரூவை டைட் செய்து திணறலை நிறுத்திவிடுவார்கள். அடுத்த வாரம் வேறு யாரோ ஃபில்டரைக் கழுவி மாட்டுவார். இப்போது காற்று தாராளமாக வரும், பெட்ரோல் மட்டும் குறைவாகவே இருக்கும். ஃபில்டரைக் கழுவியது நல்ல காரியம்தான், ஆனா மெஷின் அன்றைக்குத்தான் சீஸ் ஆகும்.

அடுத்து, டேங்குக்குள் தொங்கும் ட்யூபும் அதன் முனையில் இருக்கும் சின்ன ஃபில்டரும். பழைய ரப்பர் ட்யூப் விறைத்து, விரல் வைத்து அழுத்தினாலே வெடிப்பு தெரியும். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் வேண்டாம் என்றுதான் பல செயின்சா கையேடுகள் சொல்கின்றன. கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய டயஃப்ரமும் இதே மாதிரி விறைத்துப் போகும். மெஷினைத் தலைகீழாகப் பிடித்தாலும் பெட்ரோல் வருவதற்கு அந்த டயஃப்ரம்தான் காரணம். அது போனால் எந்த ஸ்க்ரூவும் உதவாது. கார்புரேட்டர் கிட் என்று கேட்டால் டயஃப்ரம், கேஸ்கட், ஊசி எல்லாம் சேர்ந்தே கிடைக்கும்.

சைலன்சருக்குள் இருக்கும் சின்ன கம்பி வலையையும் பாருங்க. அது தீப்பொறி வெளியே தெறிக்காமல் தடுப்பதற்காக வைத்தது. கரி அடைத்துக்கொண்டால் புகை வெளியேறாமல் என்ஜின் சக்தி இழக்கும்.

சைலன்சரைக் கழற்றியது கழற்றியதாக, அந்த ஓட்டை வழியே டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்க. பக்கவாட்டில் மழமழவென்று இருந்தால் சந்தோஷம். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல் இருந்தால், யாரோ ஏற்கெனவே ஒரு தடவை பாதி சீஸ் செய்துவிட்டார்கள் என்று அர்த்தம். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது விற்பவர் முன்னாலேயே இதைச் செய்து பார்க்கலாம், தப்பே இல்லை.

கண்ணுக்குத் தெரியாத ஓட்டை

வீட்டில் சரி செய்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. கார்புரேட்டரையும் என்ஜினையும் இணைக்கும் ரப்பர் குழாயில் வெடிப்பு விழலாம். கிராங்க் ஷாஃப்ட்டின் இரண்டு பக்கமும் உள்ள ஆயில் சீல்கள் வயதானால் விறைத்துவிடும். அந்த வழியாக ஃபில்டரைத் தொடாத காற்று உள்ளே போகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் உடனே இறங்காமல் தொங்கி நின்றால், ஸ்லோவில் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கினால், மெஷினைச் சாய்க்கும்போது சத்தம் மாறினால் சந்தேகப்படுங்க. இந்த ஓட்டையை வைத்துக்கொண்டு ஸ்க்ரூவால் சரி செய்வது, கூரை ஒழுகும் வீட்டில் பாத்திரத்தை மாற்றி மாற்றி வைப்பது போலத்தான். சீல் மாற்றத் தெரியாவிட்டால் இந்த ஒரு வேலையை மட்டும் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம்.

சரி, இப்போ ஸ்க்ரூ

இத்தனையும் முடிந்த பிறகு, என்ஜின் சூடாக இருக்கும்போதுதான் ட்யூனிங். பாரும் கூர்மையான செயினும் மாட்டியிருக்க வேண்டும். தொடும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்க. கையேடு சொல்லும் ஆரம்ப அளவு பல மெஷின்களில், மெதுவாக மூடிய நிலையிலிருந்து ஒரு சுற்று திறப்பதுதான். மூடும்போது பலம் காட்டினால் ஸ்க்ரூவின் ஊசி முனை நசுங்கிவிடும்.

முதலில் 'எல்' ஸ்க்ரூ. ஆக்சிலேட்டரை அழுத்தியதும் தயங்காமல் வேகம் ஏற வேண்டும். பிறகு ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூ. ஸ்லோவில் செயின் சுற்றவே கூடாது, நிற்க வேண்டும். கடைசியாக 'எச்'. முழு ஆக்சிலேட்டரில், எதையும் அறுக்காதபோது, சத்தம் கொஞ்சம் கரகரப்பாக 'பர்ர்' என்று வர வேண்டும். மரத்தில் வைத்ததும் அந்தக் கரகரப்பு மறைந்து சுத்தமான சத்தம் வர வேண்டும். வெறுமனே ஓடும்போதே சத்தம் கணீரென்று இருந்தால் ஆபத்து. உடனே 'எச்'சை இடது பக்கம் கொஞ்சம் திறங்க.

ஒரு விஷயம். சில மெஷின்களில் காயிலே வேகத்தைக் கட்டுப்படுத்தும். அதில் கேட்கும் கரகரப்பை நம்பி ஏமாறக் கூடாது. ஆர்பிஎம் மீட்டர்தான் சரியான வழி. புதிய கம்ப்யூட்டர் கார்புரேட்டர் மாடல்களில் இந்த ஸ்க்ரூக்களே இருக்காது.

மாடிஃபிகேஷன் செய்யலாமா?

ஆர்எக்ஸ் 100 சைலன்சரைக் குடைந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இங்கேயும் கை அரிக்கும். சைலன்சர் ஓட்டையைப் பெரிதாக்கினால் சக்தி கூடுவது உண்மைதான். கூடவே காற்றும் அதிகம் உள்ளே வரும். 'எச்'சைத் திறந்து பெட்ரோலைக் கூட்டாவிட்டால் மறுபடியும் சீஸ்தான். கம்பி வலையை எடுத்துவிட்டு காய்ந்த சருகு நடுவே ஓட்டினால் தீப்பிடிக்கும் அபாயம் வேறு. சிலிண்டருக்கு அடியில் உள்ள கேஸ்கட்டை எடுத்து கம்ப்ரஷன் கூட்டுபவர்களும் உண்டு. பிஸ்டனுக்கும் மேல் சுவருக்கும் அரை மில்லிமீட்டராவது இடைவெளி மிஞ்சுகிறதா என்று அளக்காமல் அதைச் செய்தால் இரண்டும் மோதிக்கொள்ளும்.

உண்மையைச் சொல்லணும்னா, 'மெஷின் இழுக்கல' என்ற புகாருக்குப் பல நேரம் செயின் மொக்கையானதுதான் காரணம். மரத்தூள் மாவு மாதிரி வந்தால் மொக்கை, சீவல் சீவலாக வந்தால் கூர். செயினின் அளவைப் பொறுத்து 4, 4.8 அல்லது 5.5 மில்லிமீட்டர் உருண்டை அரம் போதும். இந்தப் பல் அமைப்பே ஒரு புழுவைப் பார்த்து வந்தது. 1946-ல் அமெரிக்காவின் ஓரிகனில் ஜோ காக்ஸ் என்பவர், மரத்தை இடமும் வலமுமாகக் குடைந்து போகும் வண்டுப் புழுவின் தாடையைப் பார்த்து இதை உருவாக்கினார்.

செயின் பிரேக் மட்டும் மாடிஃபிகேஷனில் சேராது. 'இடைஞ்சலா இருக்கு' என்று கழற்றிப் போட்ட மெஷின்களைப் பார்க்கலாம். பாரின் மேல் முனை மரத்தில் பட்டால் மெஷின் கண் இமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் திரும்பும். செயின் ஓடுவது நொடிக்கு சுமார் 20 மீட்டர் வேகத்தில்! பிரேக் வேலை செய்யாத மெஷினை ட்யூன் செய்யவே உட்காராதீங்க, முதலில் அதைச் சரி செய்யுங்க. செயினில் கை வைக்கும் முன் பிளக் வயரைப் பிடுங்கிவிடுங்க. மூடிய ஷெட்டுக்குள் ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம், புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது.

வேலை முடிந்ததும் டேங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டர் காலியாகி மெஷின் தானாக நிற்கும் வரை ஸ்லோவில் ஓட விடுங்க. அடுத்த மழைக்கு எடுக்கும்போது டயஃப்ரம் பிழைத்திருக்கும்.